பலகை மாற்றிய துறை: ஆதிகங்கையும் அதன் மரப்படகுகளும்

மரப்படகு எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால், மரத்தைப் பார்த்துப் பதில் சொல்வதே வழக்கம். தேக்கு என்றால் ஒரு கணக்கு, சால் என்றால் ஒரு கணக்கு, மா என்றால் அதற்கும் கீழே ஒரு கணக்கு. கொல்கத்தாவில் காளிகாட் கோயிலையொட்டி ஓடும் ஆதிகங்கையின் கதையைப் படித்தால் இந்தக் கணக்கு அரைகுறை என்று தெரியும். யாத்திரிகர்களையும் அரிசியையும் வைக்கோலையும் சுமந்த படகுகள் அங்கே இன்று இல்லை. இரும்பும் நீராவியும் வந்தன, மரம் தோற்றது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். மரப்படகின் ஆயுள், தேய்ந்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போடும் ஏற்பாட்டைப் பொறுத்தது. அதற்கு ஒதுங்கக் கரை வேண்டும், ஏறி இறங்கும் தண்ணீர் வேண்டும், மரம் வந்துசேர வழி வேண்டும், தச்சர் வேண்டும், செலவழித்த காசைத் திருப்பித் தரும் சரக்கும் வேண்டும். காளிகாட்டில் தண்ணீர் போனது. மற்றவை அதன் பின்னாலேயே போயின. இதைப் படகின் மேல்தட்டை வைத்தே காட்டிவிடலாம். வெயில், மழை, மிதிக்கும் கால், இழுத்துப் போடும் மூட்டை எல்லாவற்றையும் தாங்குவது தட்டுதான். அடிக்கடி மாற்ற வேண்டியதும் அதுதான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ஹூக்ளி ஆறு ஒரு காலத்தில் கடலுக்குப் போன தடம் ஆதிகங்கை என்பது பரவலான கருத்து. வங்காளத்து மங்கள காவியங்களில் வரும் கடல்வணிகர்கள் இந்த வழியாகத்தான் தெற்கே இறங்குகிறார்கள். பின்னர் ஆற்றின் பெருவரத்து மேற்கே திரும்பிவிட, பழைய தடம் தூர்ந்து சிறுத்தது. 1775இல் மேஜர் வில்லியம் டாலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அதைத் தன் செலவில் தூர்வாரி அகலப்படுத்தத் தொடங்கினார். 1777இல் படகுகள் ஓடின. போட்ட பணத்தை எடுக்க, போகும் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஹூக்ளியிலிருந்து பிரிந்து, காளிகாட்டைத் தொட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஓடி கரியாவை அடையும் அந்த வாய்க்கால், அங்கிருந்து கிழக்கே சாமுக்போதாவில் வித்யாதரி ஆற்றில் சேர்ந்தது. சுந்தரவனத்திலிருந்தும் கிழக்கு வங்காளத்திலிருந்தும் வரும் படகுகளுக்கு நகரின் உள்ளே ஒரு கதவு திறந்தது. காளிகாட்டுக்கு எதிர்க்கரையில் சேத்லா சந்தை அரிசி வாணிகத்தில் பெயரெடுத்தது. இன்று நாம் பார்க்கும் காளி கோயில் கட்டடம் 1809இல் முடிந்தது. கோயில் எழும்பியதும் வாய்க்காலில் போக்குவரத்து பெருகியதும் அடுத்தடுத்த காலத்தில் நடந்தவை.

அந்தப் படகுகள் எப்படி இருந்தன என்பதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. பிளெமிஷ் ஓவியர் பால்தசார் சோல்வின்ஸ் 1791 முதல் 1803 வரை கல்கத்தாவில் வாழ்ந்தவர். அவர் வெளியிட்ட செதுக்கோவியங்களில் வங்காளப் படகுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பன்சி, பஜ்ரா, படேலா, டிங்கி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். 1924இல் கங்கைப் படகுகளைப் பற்றி ஆசியக் கழகத்தின் வெளியீடாக ஒரு நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் நமக்குத் தெரிந்த பெயர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் படகின் கட்டுமானம் தெளிவாகிறது. வங்காளத்து நாட்டுப்படகில் முதலில் வங்குகள் என்னும் விலாச் சட்டங்களை நிறுத்திப் பிறகு பலகை அடிப்பதில்லை. பலகையோடு பலகையை விளிம்பில் சேர்த்து, தட்டையான இரும்புக் கவ்விகளால் பிணைத்து, படகின் வெளி ஓடு முழுவதையும் முதலில் முடித்துவிடுவார்கள். வங்குகள் அதற்குப் பிறகே உள்ளே போகும். ஆகவே ஓடு நிரந்தரமானது, பார்த்துப் பார்த்துச் செய்வது. தட்டு அப்படியல்ல. பாட்டாதன் என்று படகோட்டிகள் சொல்லும் அந்தத் தளம் பெரும்பாலும் குறுக்கு விட்டங்களின்மேல் சும்மா பரப்பிவைத்த பலகைகள், சில படகுகளில் மூங்கில் பட்டைகள். அடியில் சேரும் தண்ணீரை இறைக்க ஒரு பலகையைத் தூக்கினால் போதும். சரக்கை அடியில் வைக்கவும் அதே வழி. ஒரு முகம் தேய்ந்தால் புரட்டிப் போடலாம். இரண்டும் தேய்ந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

இந்த எளிமையைக் கைத்திறன் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்ற வேண்டிய பாகத்தை எளிதில் மாற்றும்படி வைப்பதும் வடிவமைப்பில் ஒரு முடிவுதான். தட்டை மாற்றப் படகோட்டிக்குத் தச்சர்கூடத் தேவையில்லை. ஓட்டில் வேலை இருந்தால் மட்டும் தச்சரைக் கூப்பிட வேண்டும். அதற்கும் தனித் துறை தேவைப்படவில்லை, ஏனென்றால் ஆதிகங்கையில் ஓதம் உண்டு. ஏற்றத்தில் படகைக் கரையோரச் சேற்றில் கொண்டுவந்து ஒதுக்கினால், வற்றத்தில் அது தரைதட்டி நிற்கும். அடுத்த ஏற்றம் வருவதற்குள் ஒரு பலகையைச் செப்பனிடலாம், பனிச்சைக்காய்ச் சாறோ தாரோ பூசலாம். சந்தைக்கு வந்த படகு சரக்கை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரமே பழுதுபார்க்கும் நேரம். சந்தையும் கோயில் துறையும் ஓதமும் ஒரே இடத்தில் சேர்ந்ததால், தனியாகக் கட்டிடமோ முதலீடோ இல்லாமலே ஒரு பழுதுத் தொழில் நடக்க முடிந்தது. அந்தத் தொழிலுக்கு ஆவணம் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். வாடகை கட்டாத தொழில் பேரேட்டில் ஏறுவதில்லை.

அதே வாய்க்கால் ஹூக்ளியைச் சந்திக்கும் இடத்துக்கு அருகே, கிதிர்ப்பூரில், முற்றிலும் வேறு வகைத் தட்டு உருவானது. கர்னல் ஹென்றி வாட்சன் அங்கே அமைத்த கப்பல் துறையில் 1781இல் நான்சச் என்ற கப்பல் நீரில் இறங்கியது. பிறகு கிட் குடும்பத்தார் அங்கே கப்பல் கட்டினார்கள். 74 பீரங்கிகள் கொண்ட ஹேஸ்டிங்ஸ் என்ற போர்க்கப்பல் 1818இல் ஜேம்ஸ் கிட்டின் துறையில் உருவாகி, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு விற்கப்பட்டது. 1781 முதல் 1800 வரை கல்கத்தாவில் 35 கப்பல்களும், 1801 முதல் 1821 வரை 237 கப்பல்களும் கட்டப்பட்டன என்கிறது ராதாகுமுத் முகர்ஜி 1912இல் எழுதிய இந்தியக் கப்பல் வரலாறு. அன்றைய கல்கத்தா வழக்கப்படி வங்குகள் சீசம் மரத்தில், விட்டங்களும் உட்பலகையும் சாலில், அடியும் பக்கமும் மேல்தட்டும் பர்மாவின் பெகுவிலிருந்து வந்த தேக்கில். காரணம் நடைமுறை சார்ந்தது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து மறுபடி காயும் இடத்தில் சால் வெடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு அவ்வளவாக அசையாது. ஆகவே கடல் தாண்டி வரும் விலை உயர்ந்த மரத்தில் ஒரு நல்ல பங்கு, மிதிபடும் இடத்துக்குப் போனது.

இப்படிப்பட்ட தட்டு நீர் புகாமல் அடைத்த தட்டு. அதை மாற்றுவது புரட்டிப் போடும் வேலையல்ல. இரண்டு பலகைக்கு நடுவே அடித்திருக்கும் பழைய நாரையும் கீலையும் வளைந்த உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஆணித்தலையை மறைத்திருக்கும் மரத்தக்கையைத் துளைத்து, ஆணியைப் பிடுங்கி, பலகையைத் தூக்க வேண்டும். தூக்கியபிறகுதான் உண்மை தெரியும். தட்டின் சத்துரு கடல்நீர் அல்ல, மழைநீர். உப்புநீர் பூஞ்சையை அண்டவிடாது. நல்ல தண்ணீர் இடுக்கில் இறங்கித் தேங்கி, பலகை விட்டத்தில் உட்காரும் இடத்தில் மரத்தை உளுக்க வைக்கும். மேலே பலகை உறுதியாகத் தெரியும், கீழே விட்டம் விரலால் குத்தினால் உதிரும். புதுப் பலகையை ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து, நன்றாகக் காயவைத்து, பக்கத்துப் பலகையின் முனையும் இதன் முனையும் ஒரே விட்டத்தில் விழாதபடி தள்ளி வைக்க வேண்டும். பிறகு கொட்டாப்புளியால் நாரை இறுக்கி அடித்துக் கீல் ஊற்ற வேண்டும். நம் கடற்கரையில் கலப்பற்று என்பது இந்த வேலையைத்தான். தட்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் கடற்படைப் பழக்கம் பலகையை வருடாவருடம் மெலிய வைக்கும். ஆணியை மூடிய தக்கை கழன்று விழ ஆரம்பித்தால் பலகையின் காலம் முடிந்தது. நல்ல தண்ணீர் ஆறு, நான்கு மாத மழை, புழுக்கம் மூன்றும் சேர்ந்த கல்கத்தாவில் இந்த வேலைக்கு ஓய்வே இருந்திருக்க முடியாது.

பழுதுபார்ப்பதே கப்பலின் வயதை நிர்ணயிக்கிறது என்பது பின்னோக்கிப் பார்க்கும் நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் மேற்பார்வையாளர் கேப்ரியல் ஸ்னாட்கிராஸ் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதற்காக வாதாடினார். இளமையில் இந்தியாவில் கப்பல் தச்சராக வேலை பார்த்தவர் அவர். படிப்படியாக உடைந்து ஏறும் தட்டுகளைவிட, முனையிலிருந்து முனைவரை ஒரே மட்டத்தில் ஓடும் தட்டு கப்பலை உறுதியாக்கும், கசிவைக் குறைக்கும் என்றார். வங்காளத்து அரிசிக் கப்பல்களின் சமதளத் தட்டைப் பார்த்தே கம்பெனி இந்த முறையை எடுத்துக்கொண்டது என்று கப்பல் வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். சில பயணங்களோடு கழித்துக்கட்டும் கப்பல்களின் வெளிப்புறத்தில் இன்னொரு அடுக்குப் பலகை அடித்து, உள்ளே சாய்வுக் கட்டைகள் கொடுத்தால் மேலும் சில பயணங்கள் ஓட்டலாம் என்பது அவருடைய இன்னொரு யோசனை. நெப்போலியன் போர்க் காலத்தில் புதுக் கப்பலுக்கு மரமும் நேரமும் இல்லாமல் தவித்த பிரிட்டிஷ் கடற்படை, தன் பழைய கப்பல்கள் பலவற்றை இப்படித்தான் மறுபடி கடலுக்கு அனுப்பியது. ஆக, பழைய கப்பல் என்பது வருடக் கணக்கால் மட்டும் வருவதல்ல. செப்பனிட வசதி இல்லாத இடத்தில் 10 வருடக் கப்பலும் பழையதுதான்.

இதற்கு உடனே எழும் மறுப்பு நீராவியும் இரும்பும். கிதிர்ப்பூர் வரையில் இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஹூக்ளியில் ஓடிய முதல் நீராவிப் படகான டயானா 1823இல் கிதிர்ப்பூரிலேயே, மரத்தில்தான் கட்டப்பட்டது. நீராவி வந்தவுடன் மரத்தட்டு போய்விடவில்லை. நீராவியே மரத்தட்டின்மேல்தான் வந்தது. கிதிர்ப்பூர் தளர்ந்ததற்குள் மரத்தின் கதையும் இருக்கிறது. 1826இல் பர்மாவின் தெனாசெரிம் கரை பிரிட்டிஷார் கைக்கு வந்தபின், தேக்குக் காட்டுக்குப் பக்கத்திலேயே மௌல்மேனில் கப்பல் துறைகள் முளைத்தன. மரத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருவதைவிட, மரம் இருக்கும் இடத்தில் கப்பல் கட்டுவது லாபம். ஏற்பாட்டின் ஒரு கால் நகர்ந்தால் துறையும் நகரும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நாட்டுப்படகு வரையில் அந்த மறுப்பு நிற்கவே இல்லை. 1854இல் ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. விலை அதிகமுள்ள, அவசரமான சரக்கு அதில் ஏறியது. வைக்கோல், விறகு, செங்கல், அரிசி போன்ற கனமான, நிதானமான சரக்கு படகிலேயே வந்தது. படகுப் போக்குவரத்து செத்துக்கொண்டிருந்திருந்தால் அரசு அதற்குக் கால்வாய் வெட்டியிருக்காது. நகரின் கிழக்கே 1859இல் ஒரு புதிய வெட்டுக்கால்வாயும், ரயில் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு 1910இல் கிருஷ்ணபூர் கால்வாயும் திறக்கப்பட்டன. இரும்புக் காலத்தின் உச்சியில் மரப்படகுக்காகத் தோண்டிய வழி அது. ஆகவே காளிகாட்டில் படகு குறைந்ததற்குக் காரணத்தைத் தண்ணீரில்தான் தேட வேண்டும். ஆதிகங்கையின் கிழக்கு முனையைத் தாங்கிய வித்யாதரி ஆறு வண்டல் படிந்து ஏறி, 1928இல் செத்த ஆறு என்று அரசாலேயே கைவிடப்பட்டது. சுந்தரவனத்துக் கதவு அடைபட்டது. ஒருபுறம் மட்டும் திறந்த வாய்க்காலில் ஓதம் கொண்டுவரும் வண்டல் வெளியேறாது, தங்கும். அதனோடு நகரத்தின் சாக்கடையும் சேர்ந்தது. 2009-10இல் டாலிகஞ்சிலிருந்து கரியா வரை மெட்ரோ ரயில் நீண்டபோது, அதன் தூண்கள் வாய்க்காலின் படுகையிலேயே நின்றன. படகு வராது என்பது அதற்குள் எல்லோருக்கும் முடிவாகிப்போன விஷயம்.

என் வாதத்தைச் சோதிக்க எளிய வழி, அதே மரமும் அதே தச்சும் தண்ணீர் உள்ள இடத்தில் என்ன ஆயின என்று பார்ப்பது. ஹூக்ளி மாவட்டத்தின் பலாகரில் இன்றும் மரப்படகு கட்டுகிறார்கள். காக்த்வீப், நாம்கானா பக்கம் மீன்பிடிக்கும் எந்திரப் படகுகளில் மரத்தில் கட்டியவை ஏராளம். நம் தூத்துக்குடியையும் எடுத்துக்கொள்ளலாம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய தோணிகள் பாயிலிருந்து எந்திரத்துக்கு மாறியபோதும் மரத்திலேயே இருந்தன. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் ஒதுக்கி, பலகை மாற்றி, கலப்பற்று அடித்து மறுபடி இறக்கினார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஓடாவிகள் எனப்படும் கப்பல் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இரும்புக் கப்பல் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. துறையும் சரக்கும் ஓடாவியும் இருந்த இடங்களில் மரம் தோற்கவில்லை.

இரண்டாவது மறுப்பு காட்டைப் பற்றியது: மரத்தை வெட்டக் கூடாத காலத்தில் மரப்படகுக்காகப் பரிந்து பேசலாமா? கேள்வி நியாயமானது. சுந்தரவனக் காட்டின் பெரும்பகுதி 1870களிலேயே ஒதுக்குக் காடாகத் தொடங்கியது. நல்ல சாலும் தேக்கும் சாதாரணப் படகோட்டிக்கு எட்டாத விலை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. ஒரு தட்டை மாற்றும் மரம், புதுப் படகு கட்டும் மரத்தில் சிறு பங்கு. மரம் அருகும்போது கட்டுவதைக் குறைத்துச் செப்பனிடுவதைக் கூட்டுவதே அறிவு. செப்பனிடும் தொழில் அழிந்த ஊரில், பலகை தேய்ந்த படகு முழுவதும் விறகாகிறது. அங்கேதான் மரம் உண்மையில் வீணாகிறது.

மூன்றாவது மறுப்பு பாரம்பரியம் பேணுவோரிடமிருந்து வருவது: பலகை பலகையாக மாற்றிவிட்டால் அது பழைய படகு ஆகுமா? அருங்காட்சியகத்துக்கு இது பெரிய கேள்விதான். ஆனால் காளிகாட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்பது பொருந்தாது. கோயிலின் இப்போதைய கட்டடத்துக்கு வயது 200 சொச்சம். தலம் அதைவிட மிகப் பழையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தொடர்ச்சியைக் காப்பது கல்லோ மரமோ அல்ல, இடைவிடாத உபயோகம். ஓடும் படகுக்கும் அந்த நீதிதான். நாட்டுப்படகு கட்டியவர்கள் தட்டைக் கழற்றும்படி வைத்தபோதே, அது மாறும் என்பதை ஒப்புக்கொண்டுதான் வைத்தார்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கொல்கத்தாவின் காங்குர்காச்சியில் வங்காளப் படகுகளின் மாதிரிகளுக்கென ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. 1940களில் ஸ்காட்லாந்தில் கட்டிய போபால் என்ற துடுப்புச் சக்கரக் கப்பலைக் கொல்கத்தா துறைமுகம் புதுப்பித்து மறுபடி ஆற்றில் விட்டிருக்கிறது. அழியும் கைத்தொழில்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் மியூசியத்தின் திட்டத்தில், 2022இல் ஹௌரா மாவட்டத்தில் சோட் என்ற படகு ஒன்றை முதலிலிருந்து கட்டவைத்து ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடித்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஒரு குறை உண்டு. மாதிரி ஒருநாளும் தேயாது. புதுப்பித்த கப்பல் இரும்பு. பதிவானது கட்டும் கலை. படகுத் தச்சர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிடும் வேலை, அதாவது எந்தப் பலகையை எடுப்பது, எதை விடுவது, விட்டம் உளுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அறிவு, இன்னும் ஏட்டில் ஏறவில்லை. புதுப் படகைவிடப் பழைய படகில்தான் தச்சரின் தீர்மானம் வெளிப்படும்.

ஆதிகங்கையைச் சுத்தப்படுத்த 2023இல் கங்கைத் தூய்மைத் திட்டத்தின் கீழ் 650 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கீடு ஒப்புதல் பெற்றது. அந்தப் பணம் கழிவுநீரைத் தடுக்கவும் சுத்திகரிக்கவும் போகிறது, போகத்தான் வேண்டும். காளிகாட் துறையில் சரக்குப் படகு இனித் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பலாகரிலும் காக்த்வீப்பிலும், தூத்துக்குடியிலும் கடலூரிலும் பலகை மாற்றத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. படகுப் பாரம்பரியத்துக்குப் பணம் ஒதுக்குவோர் அடுத்த முறை புதுப் படகு ஒன்றைக் கட்டச் சொல்லாமல், ஓடித் தேய்ந்த படகு ஒன்றைச் செப்பனிடச் சொல்லி, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.